அறுபது விநாடிக் காகிதம்

1. வளையம்

காகிதம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளக்க எங்கள் லேபில் ஒரு பித்தளை வளையம் இருந்தது. காகிதத் துண்டை எடை போட்டு அடியில் வைத்து, வளையத்தை மேலே இறுக்கி, நூறு மில்லி தண்ணீர் ஊற்ற வேண்டும். அறுபது விநாடி ஆனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிளாட்டிங் பேப்பர் வைத்து உருளையால் ஒற்றி, மறுபடி எடை போட வேண்டும். கூடியிருக்கும் எடைதான் காகிதம் குடித்த தண்ணீர்; சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கு. இதற்குக் காப் டெஸ்ட் என்று பெயர். எங்கள் பாக்கெட் காகிதத்துக்கு அந்த எண் முப்பதைத் தாண்டக் கூடாது.

அன்று மதியம் இரண்டு மணிக்கு நான் தண்ணீர் ஊற்றியதும் வளையத்துக்குள் காகிதம் கறுத்தது. இருபது விநாடிக்குள் அடிப்பக்கம் விரலில் ஈரம் பட்டது. எடை போட்டேன். நூற்றுப் பன்னிரண்டு. தராசில் கோளாறு இருக்கும் என்று இன்னொரு துண்டை வைத்தேன். நூற்றுப் பதினெட்டு.

அதே காகிதத்தில் ஒட்டிய பாக்கெட்டுகளில், பாக்கெட்டுக்கு ஐந்து கிலோவாகச் சுட்ட சுண்ணாம்புத் தூள் நிரப்பி, ஒரு மினி லாரி அரை மணி நேரத்துக்கு முன்புதான் கல்வராயன் மலைக்குக் கிளம்பியிருந்தது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று வீட்டுக்கு வெள்ளையடித்த எல்லோருக்கும் தெரியும். தொட்டியில் கொதிக்கும், ஆவி பறக்கும், தெறித்தால் தோல் வெந்துபோகும்.

ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தேன். மலை தெரியவில்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் மழை இருந்தது.

அந்த லாரியில், சுண்ணாம்பு பாக்கெட்டுகளின் மேல், காய்ச்சலோடு ஒரு பெண் படுத்திருந்தாள். அவளை ஏற்றிவிட்டது நான்.

இதைப் படிப்பவர்களில் காகித மில் லேபுகளுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் இருக்கலாம் என்பதற்காக முதலிலிருந்து எழுதுகிறேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளும்படி எதையும் எழுதப்போவதில்லை. அந்த வேலையை ஏழு வருஷம் செய்து முடித்துவிட்டேன்.

2. பழுக்காத ரீல்

கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு சிறிய கிராஃப்ட் பேப்பர் மில்லில் கெமிஸ்டாக இருந்தேன். மில்லை ஒட்டியே பாக்கெட் ஒட்டும் ஷெட்டும் இருந்தது. வேதியியல் பட்டம் பெற்றவன் அந்த வளாகத்தில் நான் ஒருவன்தான். நான் சொன்னால் அது அறிவியல்.

காகிதம் என்பது நார். பழைய அட்டைப்பெட்டியின் நார் ஆனாலும் கரும்புச் சக்கையின் நார் ஆனாலும் தண்ணீரைக் கண்டால் இழுத்துக்கொள்ளும். அந்தக் குணத்தை மாற்ற, கூழில் ஏ.கே.டி. என்ற மருந்தைக் கலப்போம். பார்க்க நீர்த்த பால் போல இருக்கும். உண்மையில் ஒரு வகை மெழுகு. அது ஒவ்வொரு நாரோடும் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் அண்டாத முகத்தை வெளியே காட்டும். ஆனால் ஒட்டிக்கொள்ள இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று சூடு. மற்றது நாள். டிரையரில் நன்றாகக் காய்ந்து சுருட்டிய காகித ரீலைக் கூட ஒரு வாரம், பத்து நாள் குடோனில் போட்டு வைத்தால்தான் மருந்து முழுசாகப் பிடிக்கும். ரீலைப் பழுக்கப் போடுவது என்போம்.

பத்து நாள் காத்திராமல் முடிவைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. துண்டு வெட்டி நூற்று ஐந்து டிகிரி ஓவனில் பத்து நிமிஷம் வைத்து, அதற்குப் பிறகு காப் பார்ப்பது. பத்து நாள் கழித்து ரீல் எப்படி இருக்கும் என்பதை ஓவன் இன்றே காட்டும். இதில் தப்பு ஒன்றும் இல்லை, அந்தப் பத்து நாளும் காத்திருந்தால். எங்கள் மில்லில் ஆர்டர் நெருக்கத்தில் காத்திருப்பதை விட்டுவிட்டோம். ஓவனை மட்டும் விடவில்லை. ரிஜிஸ்டரில் நான் எழுதியதெல்லாம் ஓவன் கொடுத்த எண்கள். வெளியே போனது பழுக்காத ரீல்கள்.

வெயில் காலத்தில் இது யாருக்கும் தெரியாது. குடோன் தகரமே பாதி ஓவன். அந்தக் கார்த்திகையில் பத்து நாளாக விட்டு விட்டு மழை. பாய்லருக்குப் போடும் சக்கை நனைந்து கிடந்தது. ஸ்டீம் ஏறவில்லை. டிரையர் உருளையின் மேல் கை வைக்க முடிந்தது. கை வைக்க முடிந்தால் அது டிரையரே இல்லை. இதுவும் எனக்குத் தெரியும்.

சுண்ணாம்பு வியாபாரிக்கு அவசரம். மலைக் கிராமங்களில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சரக்கு ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் தடை வந்த பிறகு அடிவாரச் செக்போஸ்டில் அவருடைய பிளாஸ்டிக் கவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் தாங்கும் காகித பாக்கெட் வேண்டும் என்று வந்தார். எங்கள் ஷெட்டிலேயே தூளை நிரப்பிக் கொடுப்பதாக முதலாளி ஒத்துக்கொண்டார். ரீல் இறங்கி மூன்றாம் நாளே பாக்கெட் வெட்டும் கத்தியில் ஏறியது.

3. பசை

பொன்னி கரியாலூர் பக்கத்து மலைக்காரப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். திங்கட்கிழமை இறங்கி வந்து, சனிக்கிழமை வரை ஊரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி பாக்கெட் ஒட்டுவாள். ஷெட்டில் அவளை விட வேகமாக ஒட்டுகிறவர் கிடையாது.

லாரி கிளம்பிய நாளுக்கு முதல் நாள் ஷெட் வழியாகப் போனேன். அவள் கையில் பிரஷ்ஷோடு கூப்பிட்டாள்.

"சார், இந்தப் பேப்பரு பசைய குடிக்குது சார்."

"குடிக்காம என்ன பண்ணும்?"

"அது இல்ல சார். எப்பவும் தடவிட்டு, மடிச்சி, ஓரத்த நேர் பண்ற வரைக்கும் பசை மேலயே நிக்கும். இது தடவறதுக்குள்ள இழுத்துக்குது. பிரஷ்ஷே நவர மாட்டேன்னுது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்தாள். "இன்னாடி, நீயும் லேபுக்குப் போறியா? சார் நாற்காலி காலியாதான் கீது."

"போனா இன்னா? கை சொல்றத சொல்றேன்."

அவள் கண் சிவந்திருந்தது. "உனக்குக் காய்ச்சலா?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா சார்."

"காய்ச்சல்ல எல்லாம் அப்படித்தான் தெரியும். மாத்திரை வாங்கிப் போடு."

ஷெட் சிரித்தது. நானும் சிரித்தேன். தண்ணீர் அண்டாத காகிதத்தில் பசை சீக்கிரம் இறங்காது. பசையை இழுக்கிற காகிதம் தண்ணீரையும் இழுக்கும். இது என் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. என் ஓவன் சொல்லாததை ஒரு பெண்ணின் கை சொல்லிவிட்டது. அவளுக்குக் காய்ச்சல் மாத்திரை சிபாரிசு செய்துவிட்டு நகர்ந்தேன்.

4. தார்ப்பாய்

மறுநாள் காலை லோடு ஏறியது. டிரைவர் ஏழுமலை அந்த மினி லாரியை எட்டு வருஷமாக மலைக்கு ஓட்டுகிறவர். நாற்பது வயது, கறாரான மனிதர். முன்பாதியில் மலைக் கடைகளுக்கான அரிசி மூட்டை. பின்பாதியில் எங்கள் சுண்ணாம்பு.

அவர் லேப் வாசலுக்கு வந்து நின்றார். "சார், ஒரே ஒரு தார்ப்பாய்தான் இருக்குது. இன்னொண்ணு கிழிஞ்சி தைக்கக் குடுத்துருக்கேன். அரிசிக்குக் கட்டறதா, சுண்ணாம்புக்குக் கட்டறதா? மேல மூட்டமா கீது."

"அரிசிக்குக் கட்டுங்க."

"சுண்ணாம்பு சார். வெளையாட்டு இல்ல."

வாடிக்கையாளர்களுக்கு முன் நான் வழக்கமாகச் செய்யும் ஒரு வித்தை இருந்தது. அதை அவருக்கும் செய்து காட்டினேன். மாதிரி பாக்கெட் ஒன்று மேஜையில் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். சேப்பங்கிழங்கு இலையில் ஓடுவது போலத் தண்ணீர் உருண்டு கீழே விழுந்தது. துணியால் துடைத்து, பிரித்து, உள்ளே இருந்த தூளை ஒரு சிட்டிகை எடுத்து அவர் முன்னால் ஊதினேன். உலர்ந்த தூள் பறந்தது.

"மாயம் கணக்கா கீதே சார்!" என்றார் ஏழுமலை.

அந்த மாதிரி பாக்கெட் ஆடி மாதத்து ரீலில் செய்தது. நான்கு மாதம் பழுத்தது. அதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்தும் சொல்லாமல் விடவில்லை. சொல்ல வேண்டியது என்றே அப்போது தோன்றவில்லை. இதுதான் எனக்கு இன்று வரை பயமாக இருக்கிறது.

அவர் தார்ப்பாயை அரிசி மேல் இழுத்துக் கட்டினார்.

பன்னிரண்டு மணிக்குப் பொன்னிக்குக் காய்ச்சல் ஜாஸ்தியாகி, ஷெட் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பஸ் சாயங்காலம்தான். நான் ஏழுமலையிடம் போய், "இந்தப் பொண்ண மேல எறக்கி வுட்டுடுங்க" என்றேன்.

"ஆள் ஏத்தக் கூடாது சார். முன்னால எங்கூட கடைக்காரரு ரெண்டு பேரு. எடமும் இல்ல."

"பின்னால படுத்துக்கட்டும். நான் சொல்றேன்."

நான் சொன்னதால் ஏற்றினார். பாக்கெட்டுகள் ஏழெட்டு வரிசை உயரம், மெத்தை போல மட்டமாக இருந்தன. பொன்னி ஒரு கம்பளியை விரித்துப் படுத்துக்கொண்டாள். "சார், நான் ஒட்டன பாக்கெட்டு மேலயே தூங்கிக்கினு போறேன்" என்று சிரித்தாள். ஒன்றரை மணிக்கு வண்டி கிளம்பியது.

5. ஒரு மணி நேரம்

பசையைப் பற்றி அவள் சொன்னது சாப்பிடும்போது உறுத்தியது. அதனால்தான் இரண்டு மணிக்கு ஒரு துண்டை ஓவனில் வைக்காமல் வளையத்தில் வைத்தேன்.

ஏழுமலைக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. கச்சிராயபாளையம் தாண்டினால் சிக்னல் கம்மி. முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"எவ்ளோ?" என்றார்.

"நூத்தி பன்னெண்டு."

"ரிஜிஸ்டர்ல இன்னா இருக்குது?"

"இருபத்தெட்டு."

"அப்புறம் இன்னா? ஏழுமலை பொறுப்பான ஆளு. மழை வந்தா ஓரம் கட்டுவான். தார்ப்பாய் கட்டிருப்பான் இல்ல?"

அரிசிக்குத்தான் கட்டியிருக்கிறார், நான்தான் அப்படிச் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "கட்டிருப்பார்" என்றேன்.

"அப்ப உக்காருங்க. டீ சாப்புடுங்க."

உட்கார்ந்தேன். டீ குடித்தேன். மூன்று மணி வரை அந்த நாற்காலியில் இருந்தேன். எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. இன்னும் ஒரு வருஷம் நல்லபடியாகப் போனால் போதும் என்று இருந்தேன். ஸ்கூட்டரில் கிளம்பினால் ஏன் கிளம்பினாய் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் ரிஜிஸ்டரின் பழைய பக்கங்களையும் புரட்டுவார்கள். பொன்னியை நினைத்துப் பயந்தேன் என்று எழுத ஆசைதான். அந்த ஒரு மணி நேரம் நான் ரிஜிஸ்டரை நினைத்துத்தான் பயந்தேன்.

மூன்று மணிக்கு மில்லின் தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தது. ஒரே அடியாக விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் எழுந்தேன்.

6. மலை

சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்தேன். கச்சிராயபாளையம் வரை கண்ணாடியைக் கழற்றி ஒரு கையால் துடைத்துக்கொண்டே போனேன். கோமுகி அணைக்கு அந்தப் பக்கம் வானம் தரையில் கிடந்தது. செக்போஸ்டில் கேட்டேன். "அரிசி வண்டிதானே? அது போயி ரொம்ப நேரம் ஆவுது. மேல நல்ல மழை. நீங்க எங்க சார் இதுல போறீங்க?" என்றார் காவலர்.

கொண்டை ஊசி வளைவுகளில் தண்ணீர் ரோட்டைக் குறுக்காக அறுத்துக்கொண்டு ஓடியது. பிரேக் பிடிக்கவில்லை. கீழே எவ்வளவு பள்ளம் என்று தெரியாதபடி பஞ்சு மாதிரி மூட்டம். வாயால் எண்ணிக்கொண்டே போனேன். அறுபது வரை எண்ணுவேன், மறுபடி ஒன்று. வளையத்தோடு முப்பது வருஷம் நின்ற பழக்கம். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நன்றாகப் பழுத்த ரீலாக இருந்தாலும் என் டெஸ்ட் கொடுக்கும் உத்தரவாதம் அறுபது விநாடிக்கு மட்டும்தான். மலை மழைக்கு நான் எந்த உத்தரவாதமும் வைத்திருக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டி ஒரு கார்த்திகை மாத மழைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஒவ்வொரு வளைவிலும், அடுத்த திருப்பத்தில் வண்டி எரிந்துகொண்டு நிற்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் மரங்கள், ஓடும் தண்ணீர். ஒன்றும் இல்லாதது இன்னும் பயமாக இருந்தது.

7. கதகதப்பு

கரியாலூருக்குச் சில கிலோமீட்டர் முன்னால் ரோட்டில் ஒரு கிளை முறிந்து விழுந்திருந்தது. அதன் முன் மினி லாரி நின்றது. ஏழுமலையும் இரண்டு கடைக்காரர்களும் கிளையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஏழுமலை சிரித்தார்.

"இன்னா சார், ஸ்கூட்டர்ல சுற்றுலாவா?"

"பொன்னி எங்க?"

"மேலதான் படுத்துக்கினு கீது. அதுக்கு இன்னா சார், ராஜ வாழ்க்கை. பாக்கெட்டுதான் தண்ணி வுடாதுன்னு காட்டினீங்களே. கை வெச்சிப் பார்த்தேன், சுண்ணாம்பு வெதுவெதுன்னு கீது. இந்தக் குளுருக்கு நானே ஏறிப் படுக்கலாம்னு பாத்தேன்."

கடைக்காரர் ஒருவர், "அடுப்பாங்கரை கணக்கா கீது சார், ஏறி கைய காயவெச்சிக்கங்க" என்றார்.

வண்டியின் பின்பக்கம் ஓடினேன். பாக்கெட்டுகளின் இடுக்குகளிலிருந்து மெல்லிய வெள்ளை ஆவி வந்துகொண்டிருந்தது. மூட்டத்தோடு மூட்டமாக யாரும் கவனிக்கவில்லை. மேலே பொன்னி ஒருக்களித்து, நனைந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முகத்தைப் பாக்கெட் மேல் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். குளிருக்கு நெருப்போரம் ஒடுங்குகிற மாதிரி அந்தச் சூட்டோடு ஒட்டிக் கிடந்தாள்.

"பொன்னி! எறங்கு! உடனே எறங்கு!"

கண்ணைத் திறந்தாள். "காய்ச்சல் ஏறிச்சி சார். ஒடம்பெல்லாம் கொதிக்குது" என்றாள்.

அது அவள் உடம்புச் சூடு இல்லை. நான் கையை நீட்டினேன். அவள் முழங்கையை ஊன்றி எழுந்தாள். அந்த இடத்தில் ஊறிக் கிடந்த காகிதம் பிய்ந்தது. உள்ளே வெந்துகொண்டிருந்தது வெளியே வந்தது.

அதை விவரிக்க மாட்டேன். அவள் அலறியதை மட்டும் சொல்கிறேன். அந்த அலறலில் மற்ற பாக்கெட்டுகளும் ஒவ்வொன்றாக வெடிக்க ஆரம்பித்தது போல எனக்குக் கேட்டது.

நான் நின்றுவிட்டேன். சுண்ணாம்பு பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஏழுமலைதான் சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறி, அந்தக் குழம்பில் வெறுங்கையை விட்டு அவளைத் தூக்கித் தோளில் போட்டார். அவள் முந்தானையால் கண்ணைத் தேய்க்கப் பார்த்தாள். அப்போதுதான் கத்தினேன்.

"தேய்க்க வுடாதீங்க! கைய புடிங்க! தண்ணி, ஓடற தண்ணி!"

ரோட்டோரப் பாறையில் அருவி மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவளை அதன் கீழே உட்கார வைத்து, ஏழுமலை தலையைத் தாங்கிக்கொண்டார். நான் விரலால் இமையைப் பிரித்துப் பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எண்ண முயன்றேன், எண்கள் வரவில்லை.

"கண்ணு தெரிதா பாப்பா? இத பாரு, இன்னா இது?" என்று ஏழுமலை அவள் முகத்துக்கு நேரே கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கையின் தோல் உரிந்து தொங்கியது. அதை அவர் பார்க்கவேயில்லை.

மேலிருந்து இறங்கி வந்த ஒரு ஜீப்பில் அவளைக் கீழே கொண்டுவந்தோம். அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டது.

அவளுடைய வலது கண் போய்விட்டது. முதுகும் இடது கையும் நீண்ட நாள் ஆறவில்லை.

8. விசாரணை

விபத்தை விசாரிக்க ஓர் அதிகாரி லேபுக்கு வந்தார். நேர்மையான மனிதர். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

அவர் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் நான் அந்த ரீலின் ஒரு துண்டை ஓவனில் வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. முதலாளி கூட வாய் திறந்து கேட்கவில்லை. பிறகு அதிகாரியின் முன் வளையத்தை இறுக்கி, தண்ணீர் ஊற்றி, அறுபது விநாடி அவரையே கடிகாரம் பார்க்கச் சொன்னேன். இருபத்தாறு.

"பேப்பர் சரியாத்தானே இருக்கு" என்றார் அவர்.

"சரியா இருக்கு சார்."

"அப்புறம் எப்படி?"

"எந்தப் பேப்பரும் மணிக்கணக்கா மழையில நிக்காது சார். தார்ப்பாய் கட்டியிருக்கணும்."

இந்த வாக்கியத்தில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

"டிரைவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

இது பொய்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியது, சுண்ணாம்பை மூடாமல் கொண்டுபோனது, இரண்டும் ஏழுமலை தலையில் விழுந்தன. வழக்கு நடந்தது. லைசென்ஸ் போனது. விசாரணையில் அவர் என்னைக் கை காட்டினாராம். படித்தவன் சொன்னதற்கும் கட்டு போட்ட கையோடு நிற்கும் டிரைவர் சொன்னதற்கும் எடை வேறு. பொன்னியிடம் ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் வாங்கினார்கள். எப்படி விழுந்தாய், எப்போது விழுந்தாய் என்று கேட்டார்கள். பசையைப் பற்றி அவளிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மறு வருஷம் நான் ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தினார்கள். அதற்குப் பிறகு மழை பெய்தால் வீட்டில் உட்கார முடியாது. யாராவது கேட்டைத் திறந்தால் அந்த அதிகாரியோ என்று தோன்றும். வருஷங்கள் போகப் போக, அவர் வராமலே போய்விடுவாரோ என்று பயம் வந்தது. முதல் பயத்தை விட அது பெரிது.

9. பொன்னி

போன மாதம் கரியாலூர் பஸ் ஏறினேன். பொன்னி வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். "வாங்க சார்! எவ்ளோ நாளாச்சி. மழையில ஸ்கூட்டர்ல வந்து என்னக் காப்பாத்தன மனுசன்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஓவன், ரீல், டம்ளர் தண்ணீர், டீ குடித்த ஒரு மணி நேரம், அதிகாரியின் முன் மறுபடியும் ஓவன். அவள் நல்ல கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேப்பர் கத எனக்கு அன்னிக்கே தெரியும் சார். ஒட்டனவ நான்."

"ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?"

"உங்ககிட்டதான் சொன்னேனே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"டீ குடிச்சிக்கினு உக்காந்திருந்தீங்கன்றதுதான் தெரியாது" என்றாள். கொஞ்ச நேரம் முறத்தைக் கையில் எடுத்து வெறுமனே தட்டினாள். "அந்த ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பாக்கெட்டு அப்டி ஊறியிருக்காது சார்."

"ஆமாம்."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? கண்ணு வரப்போவுதா? டிரைவர் அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"மொதல்ல அங்க போங்க. வருசா வருசம் பொங்கலுக்கு ஆள் வுட்டு என்ன விசாரிக்கிறாரு. நேருல மட்டும் வர மாட்டேன்றாரு. உன் மூஞ்சில முழிக்கிற தகுதி எனக்கு இல்லன்னு சொல்லி அனுப்புறாரு. வாயால சொல்லிட்டு வந்துடாதீங்க, எழுதிக் குடுங்க."

தண்ணீர் கூடக் கொடுக்காமல் அவள் யாரையும் அனுப்புகிறவள் இல்லை. அன்று எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

10. தார்ப்பாய், மறுபடியும்

ஏழுமலை இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டியில் மூட்டை இறக்குகிறார். நீங்கள் இதுவரை படித்ததை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். தராசின் பக்கத்தில் அவரை ஒரு மூட்டையில் உட்கார வைத்து, நானே படித்துக் காட்டினேன். விரல்கள் முழுசாக மடங்காத வலது கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

முடித்ததும், "ஏழு வருசம் சார்" என்றார். "நாந்தான் அந்தப் பொண்ணு கண்ண கெடுத்தேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீங்க அரிசிக்குக் கட்டச் சொன்னது ஞாபகம் இருக்குது. ஆனா போகப் போக எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. படிச்சவரு பொய் சொல்வாரா, நாமதான் தப்பா காதுல வாங்கிட்டமோன்னு. எம் பொண்டாட்டி கூட அதான் சொன்னா."

நான் அழுதேன். அவர் அழவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"ஒண்ணு மாத்தணும் சார். அதிகாரிகிட்ட நீங்க சொன்ன எடத்துல, 'இது பொய்'னு மட்டும் எழுதிருக்கீங்க. பத்தாது. தார்ப்பாய் கட்டுன்னு நீங்க எங்கிட்ட சொல்லல. அரிசிக்குக் கட்டுன்னு சொன்னீங்க. சுண்ணாம்புக்குக் கட்டவான்னு நான் கேட்டேன். கேட்டேன்னு எழுதுங்க. எம் பொண்ணு காலேஜ் படிக்கிது, அது படிக்கணும்."

அங்கேயே எழுதினேன்: சுண்ணாம்புக்குத் தார்ப்பாய் கட்டவா என்று ஏழுமலை என்னைக் கேட்டார். வேண்டாம் என்று சொன்னவன் நான். கீழே கையெழுத்துப் போட்டேன். இன்னொரு பிரதியை அந்த விசாரணை அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். அங்கிருந்து என்ன வரும் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது கேட் திறக்கும் சத்தத்துக்கு எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

லேபுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வெளியே போகிற காகிதத்தை டெஸ்ட் செய்யுங்கள்; டெஸ்டுக்காகத் தயார் செய்த காகிதத்தை அல்ல. எத்தனை விநாடிக்குச் சோதித்தீர்களோ அத்தனை விநாடிக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள். ஒட்டுகிறவர்களின் கையைக் கேளுங்கள். கேட்ட பிறகு டீ குடிக்க உட்காராதீர்கள்.

நான் மண்டியிலிருந்து கிளம்பும்போது தூறல் போட்டது. ஏழுமலை என் தாள்களை நான்காக மடித்தார். மூட்டை அடியிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் கவரை உருவி, உதறி, தாள்களை அதற்குள் வைத்து, வாயை இரண்டு சுற்றுச் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பேப்பராச்சே சார். நனைஞ்சிடும்."